கேட்டில் ஊதுற மெஷின் வரப்போகிறது, அண்ணனை என்ன செய்வது?

கேள்வி: டாக்டர், ஒரகடம் பக்கம் ஒரு பிரஸ் ஷாப்பில், அதாவது இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டி வளைக்கிற மெஷின்கள் ஓடும் இடத்தில், ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன், வயது 33. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த சீனியர் ஆபரேட்டர் ஒருவர் இப்போது என் ஷிப்டில்தான் இருக்கிறார். 22 வருஷ சர்வீஸ். கூடப் பிறந்த அண்ணன் மாதிரி. ஒரு வருஷமாகக் காலை ஷிப்டில் அவர்மேல் வாடை அடிக்கிறது. தினமும் ராத்திரி ஒரு ஆஃப் என்று அவரே சொல்வார். "டியூட்டியில ஒரு சொட்டு தொட்டதில்ல, என் வீட்டுல குடிச்சா கம்பெனிக்கு என்னடா" என்பார். வேலையில் இதுவரை ஒரு குறையும் இல்லை. ஆனால் லீவு நாளில் காலையில் கை நடுங்குகிறது என்று அண்ணி சொல்லி அழுதார்கள். அடுத்த மாதம் 1-ஆம் தேதியிலிருந்து, குடித்திருந்தால் காட்டிவிடுகிற ஊதுற மெஷினைக் கேட்டில் வைக்கிறார்கள். சந்தேகப்படும் ஆட்களின் பெயரை சூப்பர்வைசர்கள் எழுதித் தர வேண்டும் என்று எச்.ஆரில் கேட்கிறார்கள். கொடுத்தால் துரோகம், கொடுக்காமல் இருந்து ஏதாவது நடந்துவிட்டால் அதைவிடப் பெரிய பாவம். அண்ணனோ, "முந்தின நாளோட நிறுத்திடுறேன், கவலைப்படாத" என்கிறார். நான் என்ன செய்ய?

பதில்: தம்பி, கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். அதுதான் என்னைப் பதற வைத்தது. தினமும் ஒரு ஆஃப் குடிக்கிற, காலையில் கை நடுங்குகிற ஒருவர், மருத்துவர் கண்ணில் படாமல் தானாகவே ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. குடித்துவிட்டு பிரஸ் முன்னால் நிற்பது ஆபத்து, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் திடீரென்று நிறுத்திவிட்டு இரண்டாம் நாள் பிரஸ் முன்னால் நிற்பதும் அதே அளவு ஆபத்து, அதை அந்த மெஷின் காட்டாது. ஊதினால் சைபர் வரும், உள்ளே விடுவார்கள், அவருக்கு அங்கேயே வலிப்பு வரலாம்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் மருத்துவ அதிகாரியாக இருந்த ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் ஒருவர் கார்த்திகை முதல் தேதி ஐயப்பனுக்கு மாலை போட்டார். பல வருஷக் குடி, அன்றோடு சுத்தமாக விட்டார். மறுநாள் என் அறைக்கு வந்தார், நெற்றியெல்லாம் வியர்வை, பிபி ஏறியிருந்தது, தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடித்தார். சந்தனமும் மாலையுமாக அவரைப் பார்த்ததும் எனக்கு மனசுக்குள் சந்தோஷம், நல்லபடியாக இருக்கிறார் என்று நினைத்து பிபி மாத்திரை கொடுத்து வேலைக்கு அனுப்பிவிட்டேன். "கடைசியா எப்போ குடிச்சீங்க" என்ற ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை. மூன்றாம் நாள் வண்டியை நடு வழியில் நிறுத்திவிட்டு சீட்டைத் தட்டித் தட்டி விட்டுக்கொண்டிருந்தார். "எறும்பு சார், ஸ்டியரிங் பூரா எறும்பு" என்றார். ஒரு எறும்பும் இல்லை. பக்கத்தில் இருந்த ஹெல்பர் பையன் புத்திசாலி, சாவியை உருவிவிட்டான். அன்றைக்கு யாருக்கும் அடிபடாததற்கு அந்தப் பையன்தான் காரணம், நான் இல்லை.

உடம்பு பல வருஷமாக ஆல்கஹாலோடு பழகி, அதற்கு ஈடு கொடுக்க மூளையை எப்போதும் முடுக்கியே வைத்திருக்கிறது. ஆல்கஹாலைப் பட்டென்று எடுத்துவிட்டால் அந்த முடுக்கம் மட்டும் மிஞ்சுகிறது. கடைசியாகக் குடித்து ஆறேழு மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். வலிப்பு வருவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள். இல்லாததைப் பார்ப்பது, காதில் குரல் கேட்பது, எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் போவது இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள். இந்தக் கடைசி நிலை வந்து சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகலாம். குடிக்கிற எல்லாருக்கும் இப்படி ஆகும் என்பதில்லை, ஆனால் காலையில் கை நடுங்குகிறவருக்கு ஆக வாய்ப்பு உண்டு. அண்ணி அழுதுகொண்டு சொன்னது வெறும் குடும்பக் கவலை இல்லை, அது நோயின் அறிகுறி.

சரி, அடுத்து அண்ணனின் வாதம். ராத்திரி என் வீட்டில் குடித்தால் கம்பெனிக்கு என்ன? நியாயமான கேள்விதான், அதற்குக் கோபப்படாமல் கணக்குப் போட்டுப் பதில் சொல்லலாம். ஒரு ஆஃப் என்பது 375 மில்லி. பாட்டில் மேலேயே 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அதில் சுத்த ஆல்கஹால் கிட்டத்தட்ட 125 கிராம். கல்லீரல் ஒரு மணி நேரத்துக்கு ஏழிலிருந்து பத்து கிராம் வரைதான் கரைக்கும். தினமும் குடிப்பவருக்குக் கொஞ்சம் வேகமாகவே கரையும் என்று பத்து கிராமாகவே வைத்துக்கொள்வோம். எட்டு மணிக்குத் தொடங்கினால் விடிகாலை ஆறு மணிக்கு, பத்து மணி நேரத்தில், நூறு கிராம் போயிருக்கும். மிச்சம் இருபத்தைந்து கிராம் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அவர் கார்டு பஞ்ச் செய்கிறார். எழுபது கிலோ ஆளுக்கு இது 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் அளவு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு வண்டி ஓட்ட அனுமதிக்கும் எல்லையே 30 மில்லிகிராம்தான். அதாவது வண்டலூர் வாலாஜாபாத் ரோட்டில் அவர் பைக்கில் வருகிற நேரத்திலேயே சட்டத்தைத் தாண்டிவிட்டார், பிரஸ்ஸைத் தொடும் முன்பே. தூங்கி எழுந்தால் போதை போய்விட்டது என்று அவருக்குத் தோன்றும், உண்மையாகவே அப்படித்தான் தோன்றும், பொய் சொல்லவில்லை. பச்சைத் தண்ணீர்க் குளியல், எலுமிச்சை சாறு, மோர், கட்டங்காபி எதுவும் கல்லீரலை வேகப்படுத்தாது. அதற்கு நேரம் ஒன்றுதான் மருந்து.

"வேலையில் ஒரு குறையும் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். பழக்கப்பட்ட வேலையில் பழக்கப்பட்ட கை ஓடும், அதுதான் நம்மை ஏமாற்றுகிறது. நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான ஸ்ட்ரோக் அடித்தவருக்கு ஆயிரத்தோராவது ஸ்ட்ரோக் சிரமம் இல்லை. சிரமம் வருவது எதிர்பாராதது நடக்கும்போது. டையில், அதாவது தகட்டுக்கு வடிவம் கொடுக்கிற அச்சில், ஸ்கிராப் சிக்குகிறது, கை உள்ளே போகிறது, பக்கத்தில் யாரோ கூப்பிடுகிறார்கள், அந்த அரை நொடியில் எடுக்க வேண்டிய முடிவுதான் தாமதமாகும். இரண்டு கையாலும் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும் என்று வைத்திருக்கிற டூ ஹேண்ட் பட்டனில் ஒன்றைக் கட்டிவைத்து ஓட்டுகிற பழக்கம் உங்கள் ஷாப்பில் எங்காவது இருந்தால் அதை இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள், குடிக்கிறவர் குடிக்காதவர் எல்லாருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆகவே 1-ஆம் தேதி வரை காத்திருக்க வேண்டாம். நாளைக் காலை அவரிடம் வாடை அடித்தாலோ, அல்லது வாடை இல்லாமல் கை நடுங்கினாலோ, அன்றைக்கு அவர் எந்த ஓடும் மெஷினையும் தொடக் கூடாது. "இன்னிக்கு மெஷின் வேண்டாம்ணே, வாங்க" என்று கையைப் பிடித்து ஓ.எச்.சிக்கு, அதாவது ஆலைக்குள் இருக்கிற மருத்துவ மையத்துக்கு, கூட்டிப் போங்கள். இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் உட்காரவைத்து ஷிப்டை ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அங்கே பார்த்துவிட்டு அனுப்பினால் வீட்டுக்குத் தனியாகப் போகவிடாதீர்கள், பைக் சாவி உங்களிடம் இருக்கட்டும். இது அவரைக் காட்டிக்கொடுப்பது இல்லை. அவருடைய இரண்டு கையும் அவரிடமே இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்வது.

லிஸ்ட் விஷயத்தில் நான் உறுதியாகச் சொல்வேன், கொடுக்காதீர்கள். "இன்னார் குடிப்பார் என்று சந்தேகப்படுகிறேன்" என்று பேப்பரில் எழுதித் தருவது பாதுகாப்பு நடவடிக்கையே இல்லை, அது ஒருவர் மேல் எப்போதும் தொங்குகிற வதந்தி. அதில் பிடிக்காதவர் பெயரும் சேரும், சங்கத்தில் சத்தம் போடுகிறவர் பெயரும் சேரும். சூப்பர்வைசர் எழுத வேண்டியது கண்ணால் பார்த்ததை மட்டும், அது நடந்த அன்றே: எத்தனை மணிக்கு, என்ன பார்த்தீர்கள், நடை தடுமாறியதா, பேச்சு குழறியதா, யார் உடன் இருந்தார், ஓ.எச்.சிக்கு எப்போது அனுப்பினீர்கள். எச்.ஆர். கோபித்துக்கொண்டால் இதையே எழுத்தில் சொல்லுங்கள், "சந்தேகப் பட்டியல் தர இயலாது, வேலைக்குத் தகுதியில்லாத நிலையில் யாரையும் பார்த்தால் அன்றே அறிக்கை தருகிறேன்" என்று. பொறுப்பைத் தட்டிக்கழித்தீர்கள் என்று அதற்கப்புறம் யாரும் சொல்ல முடியாது.

உங்கள் ஆலை மருத்துவரிடம் மட்டும் முழுதும் பேசலாம், ஆனால் அண்ணனையும் கூட்டிக்கொண்டு போய்ப் பேசுங்கள். மருத்துவர் நோயாளியின் விவரத்தை நிர்வாகத்துக்குச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. "இத்தனாம் தேதி வரை பிரஸ், கிரேன் வேலைக்குத் தகுதியில்லை" என்று ஒரு சீட்டு கொடுத்தால் போதும், காரணம் அதில் வர வேண்டாம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது, சிகிச்சை விவரம் ரகசியமாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. சர்க்கரை நோய்க்கும் பிபிக்கும் கொடுக்கிற மரியாதையை இதற்கும் கொடுக்கச் சட்டமே இடம் தருகிறது, நாம்தான் கேட்பதில்லை.

இனி மெஷின். அதைப் பற்றித் தொழிலாளர்களுக்கு ஒரு பயம் இருக்கும், அது காரணமில்லாத பயம் இல்லை. 2025-இல் கேரளத்தில் பந்தளம் அரசுப் பேருந்து டிப்போவில் பலாச்சுளை தின்றுவிட்டு ஊதிய ஓட்டுநர்களுக்கு மெஷின் குடித்ததாகக் காட்டியது. அதே வருஷம் பிப்ரவரியில் தெற்கு ரயில்வேயின் திருவனந்தபுரம் கோட்டம், ரயில் ஓட்டுநர்கள் டியூட்டிக்கு முன் இளநீர், சில பழங்கள், குளிர்பானம், ஹோமியோபதி மருந்து எதுவும் தொடக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டு, எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்றது. இளநீரைத் தடை செய்ய வேண்டியதே இல்லை. வாயில் ஒட்டியிருக்கிற ஆல்கஹால், அது அரிஷ்டமோ இருமல் மருந்தோ மௌத்வாஷோ நன்றாகக் கனிந்த பலாவோ எதுவானாலும், வாய் கொப்பளித்துப் பதினைந்து நிமிஷம் உட்கார்ந்தால் போய்விடும். ரத்தத்தில் இருக்கிற ஆல்கஹால் பதினைந்து நிமிஷத்தில் எங்கும் போகாது. முதல் தடவை ஊதியதற்கும் இரண்டாம் தடவைக்கும் உள்ள வித்தியாசம்தான் உண்மையைச் சொல்லும். அதனால் ஒரே ஊதலை வைத்து யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது, இது கொள்கையில் எழுத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொருவரும் ஊதும் முன் மெஷின் சைபர் காட்டுகிறதா என்று ஊதுகிறவரே பார்க்கட்டும். ஆளுக்கொரு புது மவுத்பீஸ். மெஷின் சரியாக அளக்கிறது என்று காட்டும் கேலிபிரேஷன் சான்றிதழ் காலாவதி ஆகாமல் இருக்கட்டும். சானிடைசர் பாட்டிலை மெஷின் பக்கத்தில் வைக்காதீர்கள், கையில் தடவிய ஈரத்தின் ஆவிகூட ரீடிங்கைக் கெடுக்கலாம்.

அப்புறம் யார் யார் ஊத வேண்டும் என்பது. பிளான்ட் ஹெட் முதல் கேன்டீன் தம்பி வரை எல்லாரும், இல்லாவிட்டால் குலுக்கல் முறையில் யார் பெயர் வந்தாலும். தொழிலாளி மட்டும் வரிசையில் நின்று ஊத, மேனேஜர் காரில் உள்ளே போனால் அந்தக் கொள்கையை ஒருவரும் மதிக்க மாட்டார்கள், மதிக்கவும் வேண்டாம். கான்ட்ராக்ட் ஆட்களையும் மறந்துவிடாதீர்கள். அவர்களுக்கு மெமோ, விசாரணை ஒன்றும் கிடையாது, "நாளையிலிருந்து வராதே" என்று ஒரு போன்தான். அவர்களும் அதே பிரஸ் முன்னால்தான் நிற்கிறார்கள்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக, ஏனென்றால் நான் வக்கீல் இல்லை. வேலை நேரத்தில் குடிபோதையில் இருப்பது நிலையாணைகளின்படி, அதாவது ஆலையின் வேலை விதிகளின்படி, ஒழுங்கீனம், அது பழைய விஷயம். ஆனால் குற்றப் பத்திரிகை, உள்விசாரணை, பதில் சொல்ல வாய்ப்பு எதுவும் இல்லாமல் ஒரு ரீடிங்கைக் காட்டி 22 வருஷ சர்வீஸை முடித்துவிட முடியாது. வெறும் வாடையும் தள்ளாட்டமும் போதையை நிரூபிக்கப் போதாது என்று உச்ச நீதிமன்றமே 1971-இல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. அண்ணனும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். விபத்து போதையால்தான் நேர்ந்தது என்று காட்ட முடிந்தால், உயிரிழப்போ நிரந்தர முழு ஊனமோ அல்லாத காயத்துக்குத் தொழிலாளர் இழப்பீட்டு விதிகளின்படி முதலாளி பணம் தர மறுக்கலாம். இரண்டு விரல் போனால் கையில் காசும் வராமல் போகலாம்.

நிர்வாகத்திடம் இந்த ஒரு வாசகத்தை மட்டும் எப்படியாவது கொள்கையில் சேர்க்கச் சொல்லிப் போராடுங்கள், சங்கம் இருந்தால் சங்கம் வழியாக: "தானாக முன்வந்து உதவி கேட்பவர் மீது அதற்காக ஒழுங்கு நடவடிக்கை இல்லை, சிகிச்சைக்கு விடுப்பு உண்டு, திரும்பி வந்தால் வேலை உண்டு." இது என் சொந்த ஆசை இல்லை. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1996-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளே மதுப் பிரச்சினையை மற்ற உடல்நலப் பிரச்சினைகளைப் போலவே நடத்தச் சொல்கின்றன, ஒழுங்கு நடவடிக்கைக்கு முன் சிகிச்சையைத்தான் வைக்கின்றன. இந்த வாசகம் இல்லாத இடத்தில் மெஷின் வைத்தால், ஆட்கள் அன்றைக்கு மட்டம் போடுவார்கள், ஷிப்ட் மாற்றிக்கொள்வார்கள், இல்லையென்றால் உங்கள் அண்ணன் மாதிரி முந்தின நாள் தானாக நிறுத்துவார்கள்.

சிறுநீர்ப் பரிசோதனையும் பிறகு வரலாம் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். கஞ்சா தினமும் எடுத்தவருக்கு நிறுத்தி வாரக்கணக்கில் ஆன பின்பும் சிறுநீரில் தெரியும், அவர் இன்றைக்குப் போதையில் இருக்கிறாரா என்பதை அது சொல்லாது. கோடீன் கலந்த இருமல் மருந்து சாப்பிட்டவருக்கும் அபின் வகை என்று கிட் காட்டலாம். கிட்டில் வந்ததை ஆய்வகத்தில் உறுதி செய்யாமல் யார் மேலும் கை வைக்கக் கூடாது.

இப்போது அண்ணனிடம் எப்படிப் பேசுவது. மாலையில் பேசாதீர்கள், ஷிப்ட் விட்டதும் பேசாதீர்கள், பன்னிரண்டு மணிக்குக் கடை திறந்தாகிவிட்டது, அவர் மனசு அங்கே இருக்கும். வார லீவு அன்று காலை பத்து மணி போல வீட்டுக்குப் போங்கள், அண்ணியும் இருக்கட்டும். அறிவுரை சொல்லாதீர்கள், அது அவருக்குப் பல வருஷமாக வேறு பலரிடமிருந்து கிடைத்திருக்கும். "அண்ணே, டை செட் பண்ண நீங்கதான சொல்லிக்கொடுத்தீங்க, இப்ப உங்க கை நடுங்குறத பாத்துட்டு என்னால சும்மா இருக்க முடியல. ஒண்ணாம் தேதிக்கு முன்னாடி டாக்டரப் பாத்துடலாம், நானும் வரேன்" என்கிற அளவு போதும். அவர் மறுத்தால் விட்டுவிட்டு அடுத்த வாரம் மறுபடி போங்கள். ஆனால் ஒன்றை மட்டும் அன்றைக்கே வாங்கிக்கொண்டு வாருங்கள்: மருத்துவரைப் பார்க்கும் வரை தானாக ஒரேயடியாக நிறுத்த மாட்டேன், பிரஸ்ஸையும் தொட மாட்டேன் என்ற வாக்கு. குடியைத் தொடரச் சொல்கிறாரே இந்த டாக்டர் என்று அண்ணிக்கு ஒரு மாதிரி இருக்கும், மேலே நான் எழுதிய எறும்புக் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

அண்ணியிடம் இன்னும் ஒன்று. சாம்பாரில் தெரியாமல் கலக்கச் சொல்லி ஒரு பவுடர் விற்கிறார்கள், அதை வாங்கவே வேண்டாம். அதில் குடியை நிறுத்தக் கொடுக்கிற டைசல்ஃபிராம் என்ற மருந்து இருந்தால், அதன் மேல் அவர் குடிக்கும்போது முகம் சிவந்து, வாந்தி எடுத்து, பிபி சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த மருந்து நல்ல மருந்துதான், ஆனால் சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து, மருத்துவர் பார்வையில் மட்டும். கோயிலில் கயிறு கட்டுவது, மாலை போடுவது எல்லாம் மனசுக்குப் பலம் தரும், தாராளமாகச் செய்யட்டும், ஆனால் நடுக்கம் அடங்கும் சிகிச்சை முடிந்த பிறகு.

சிகிச்சை என்றால் மாதக்கணக்கில் அடைத்துவைப்பது என்று அவர் பயப்படலாம். முதல் கட்டம் பெரும்பாலும் ஒரு வாரம்தான். நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் எதிரான மாத்திரையை முதலில் கூடுதலாகக் கொடுத்து நாளுக்கு நாள் குறைப்பார்கள், தயமின் என்ற வைட்டமின் பி1 ஊசி போடுவார்கள். பக்கத்து கிளினிக்கில் போய் "ஒரு ட்ரிப்ஸ் ஏத்துங்க டாக்டர்" என்று கேட்கிற வழக்கம் நம்மிடம் உண்டு. நாள்பட்டுக் குடித்தவருக்குத் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைக்குப் பாதிப்பு வரலாம், அதையும் ஞாபகத்தில் வையுங்கள். வாரம் முடிந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்கும், கவுன்சலிங், குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் வாராந்திரக் கூட்டம், ஆசையைக் குறைக்கும் மருந்து. நடுவில் ஒருமுறை சறுக்கலாம், சறுக்கினால் எல்லாம் போச்சு என்று நீங்களும் நினைக்காதீர்கள், அவரையும் நினைக்க விடாதீர்கள்.

உங்களுக்குக் கிட்டத்தில் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னைக்குப் போக முடிந்தால் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை, இல்லையென்றால் அடையாறு இந்திரா நகரில் இருக்கிற டி.டி.கே. மருத்துவமனை. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற இலவச எண்ணில் போதை மீட்பு ஆலோசனை கேட்கலாம். அவர் இ.எஸ்.ஐ.யில் இருந்தால் அந்த மருத்துவர் தரும் சான்றிதழை வைத்து நோய்க்கால உதவித்தொகையாகச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும், வருஷத்துக்கு 91 நாள் வரை. காசு போய்விடும் என்று அண்ணி தயங்கினால் இதைச் சொல்லுங்கள்.

வருகிற லீவு நாளுக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, அதுவரை ஒவ்வொரு காலையும் ஷிப்ட் தொடங்கும் முன் ஒரு நிமிஷம் அவர் பக்கத்தில் போய் நின்று கையைப் பாருங்கள். அட்மிட் ஆகி வெளியே வந்ததும் டிஸ்சார்ஜ் சீட்டை எச்.ஆரிடம் கொடுக்க வேண்டாம், ஓ.எச்.சி. மருத்துவரிடம் கொடுங்கள், பிரஸ்ஸுக்கு எப்போது திரும்பலாம் என்பதை அவர் சொல்லட்டும்.